மூத்த ராக் கலைஞரைச் சின்ன அரங்கில் கேட்கப் போகிறீர்களா? மதுரைக்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மதுரையில் ராக் கேட்கிறவர்கள் அதிகம் இல்லை. இருக்கிறவர்களும் போனிலோ ஹெட்போனிலோ கேட்கிறவர்கள்தான். அறுபது, எழுபது வயதைத் தாண்டிய ஒருவர் நூறு பேர் மட்டும் உட்காரும் அறையில் கிதாரோடு வந்து நிற்கப்போகிறார் என்று தெரிந்தால், போகலாமா வேண்டாமா என்று தயங்கி என்னிடம் கேட்பார்கள். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளையும் என் பதில்களையும் இங்கே எழுதியிருக்கிறேன்.

பெரிய மைதானத்தில் பார்ப்பதற்கும் இதற்கும் அப்படி என்ன வித்தியாசம்?

2007-ல் அயர்ன் மெய்டன் ராக் குழுவினர் பெங்களூரு அரண்மனை மைதானத்தில் வாசித்தார்கள். 2011-ல் மெட்டாலிகா குழுவினர் அதே மைதானத்துக்கு வந்தார்கள். அப்படிப்பட்ட கூட்டத்தில் பின்வரிசையில் நிற்பவர் பெரும்பாலும் திரையைத்தான் பார்க்கிறார். சத்தமும் கலைஞரின் ஆம்ப்பிலிருந்து (கிதார் ஒலியைப் பெருக்கும் பெட்டி) நேராக வருவதில்லை. மைக்குகள், மிக்ஸர், அடுக்கடுக்கான ஸ்பீக்கர்கள் எல்லாவற்றையும் கடந்துதான் வருகிறது.

சின்ன அறையில் அந்த இடைவெளி கிடையாது. பிளெக்ட்ரம் (மீட்டுவதற்கான சின்னத் தகடு) தந்தியில் படுகிற சத்தம் கேட்கும். வரி தொடங்கும் முன் அவர் மூச்சு இழுப்பது கேட்கும். பாட்டை முடிக்கப்போகிறார் என்பதை டிரம்ஸ்காரருக்குப் புருவத்தால் சொல்வது தெரியும். சுண்டுவிரலால் கிதாரின் வால்யூம் குமிழைக் கொஞ்சம் இறக்குவார். கரகரவென்று இருந்த ஒலி சட்டென்று தெளிந்துவிடும். ரெக்கார்டில் வருடக்கணக்காகக் கேட்ட அந்த மாற்றம் ஒரு விரலின் வேலை என்று கண்ணால் பார்க்கும்போது, அந்தப் பாட்டை நீங்கள் கேட்கும் விதமே மாறிவிடும்.

வயதாகிவிட்டது, குரல் போயிருக்குமே. இப்போது போய் என்ன கேட்பது?

அதிகம் வருவது இந்தக் கேள்விதான். ஆமாம், குரல் மாறித்தான் இருக்கும். வயது ஏற ஏறக் குரல்நாண்கள் மெலிகின்றன, நெகிழ்வு குறைகிறது, மூச்சும் முன்போல் நிற்பதில்லை. இருபத்தைந்தில் எட்டிய உச்சம் எழுபதில் எட்டாது. அதனால் பலர் கிதாரையே அரைச் சுருதியோ முழுச் சுருதியோ இறக்கிச் சேர்த்துக்கொள்கிறார்கள். கர்நாடகக் கச்சேரி கேட்டு வளர்ந்தவர்களுக்கு இது புதிதில்லை. இரண்டு கட்டையில் பாடியவர் வயதான பிறகு ஒரு கட்டைக்கு இறங்கினால் யாரும் எழுந்து போவதில்லையே. மதுரை சோமுவைத் தேடிப்போய்க் கேட்டவர்கள் குரலின் வழவழப்புக்காகவா போனார்கள்? அவர் உருகிப் பாடுவதற்காகப் போனார்கள்.

சுருதி இறங்கினால் பாட்டே வேறு நிறம் கொள்கிறது. தந்தி தளர்வதால் கிதாரின் ஒலி தடிமனாகிறது, கொஞ்சம் இருள்கிறது. முன்பு கத்திப் பாடிய வரியை இப்போது பேசுகிற மாதிரிச் சொல்வார். தாளத்துக்கு ஒரு மயிரிழை பின்னால் சொல்லை வைப்பார். டிரம்ஸ்காரர் அதற்குக் காத்திருப்பார். இளவயதில் பத்து ஸ்வரம் இறைத்த இடத்தில் இரண்டு போதும் என்று நிறுத்துவார். அந்த இரண்டையும் தந்தியை வளைத்து, அசைத்து, மெதுவாக விடுவார். எதை விட வேண்டும் என்று தெரிந்துகொள்ள அவருக்கு நாற்பது ஐம்பது வருடம் ஆகியிருக்கிறது. நாம் போய்க் கேட்க வேண்டியது அதைத்தான். இளைஞர்களின் வேகம் எனக்கும் பிடிக்கும், ஆனால் இது அவர்களிடம் கிடைக்காது.

பழைய ரெக்கார்டை மனதில் ஓடவிட்டுக்கொண்டே உட்கார்ந்தால் ஏமாற்றம்தான் மிஞ்சும். அமெரிக்கப் பாடகர் பாப் டிலனை எடுத்துக்கொள்ளுங்கள். 1988-லிருந்து கிட்டத்தட்ட ஓயாமல் ஊர் ஊராகப் பாடிவருகிறார். பழைய பாட்டுகளின் மெட்டையும் தாளத்தையும் மேடையில் அடியோடு மாற்றிவிடுவார். பாதிப் பாட்டு போன பிறகுதான் எந்தப் பாட்டு என்றே பலருக்குப் பிடிபடும். அதற்காகக் கோபித்துக்கொள்பவர்களும் உண்டு. எனக்கு அது நேர்மையாகப் படுகிறது. எண்பதைத் தாண்டிய மனிதர் இருபத்து நான்கு வயதுப் பையனைப் போல நடிக்காமல் இருக்கிறாரே!

போவதற்கு முந்தைய வாரம் ஒரு காரியம் செய்யுங்கள். அவருடைய புகழ்பெற்ற பழைய ஆல்பத்தைக் கேட்காமல், கடந்த ஓரிரு வருடங்களில் மேடையில் பாடிய பதிவு ஏதாவது கிடைத்தால் அதைக் கேட்டுவிட்டுப் போங்கள். இன்றைக்கு அவர் எங்கே நிற்கிறார் என்பது தெரியும்.

இந்தியாவிலேயே அப்படி யார் இருக்கிறார்கள்?

வெளிநாட்டுக்காரர்களுக்காகக் காத்திருக்கவே தேவையில்லை. ஷில்லாங்கின் லூ மாஜா 1972-லிருந்து ஒவ்வொரு மே 24-ம் தேதியும் டிலனின் பிறந்தநாளைக் கச்சேரி நடத்திக் கொண்டாடுகிறார். வெள்ளை முடி தோளில் புரள, அரைக்கால் சட்டையோடும் ஒன்றுக்கொன்று பொருந்தாத கால் உறைகளோடும் மேடை ஏறுகிறவர். அதே ஊர் ரூடி வாலாங், ‘சோல்மேட்’ குழுவில் ப்ளூஸ் வாசிக்கிறவர். டெல்லியில் 1990-ல் தொடங்கிய ‘இந்தியன் ஓஷன்’ குழுவின் பேஸ் கிதார் கலைஞர் ராகுல் ராம், நர்மதை அணை எதிர்ப்புப் போராட்டத்தில் களத்தில் நின்றவர். அந்தப் பள்ளத்தாக்கின் பாட்டையும் குழுவுக்குள் கொண்டுவந்தார். பெங்களூரில் ‘தெர்மல் அண்ட் எ குவார்ட்டர்’ 1996-லிருந்து இயங்குகிறது.

நமக்கு இன்னும் பக்கத்தில் கொச்சி இருக்கிறது. ‘மதர்ஜேன்’ குழுவில் இருந்த பைஜு தர்மஜன் எலெக்ட்ரிக் கிதாரில் கமகம் வைத்து வாசிப்பவர். ராக் என்றாலே நமக்கு அந்நியம் என்று சொல்கிறவர்களை முதலில் அவரிடம்தான் அழைத்துப்போகச் சொல்வேன். நாகஸ்வரம் கேட்டுப் பழகிய காதுக்கு அவர் தந்தியை இழுக்கும் விதம் உடனே பிடிபடும்.

மதுரையிலிருந்து எப்படிப் போய்வருவது?

பெங்களூருக்கு 2024 ஆகஸ்ட் இறுதியில் வந்தே பாரத் விட்ட பிறகு வசதியாகிவிட்டது. விடியற்காலை மதுரையில் ஏறினால் மதியம் ஒரு மணிவாக்கில் கன்டோன்மென்ட். செவ்வாய்க்கிழமை ஓடாது. கச்சேரி எட்டு, எட்டரைக்குத் தொடங்கும். அதற்குள் ஒரு தூக்கம் போடலாம். இரவு தங்கிவிட்டு மறுநாள் மதியம் அதே ரயிலில் திரும்பலாம். லீவு இல்லாதவர்களுக்கு மாட்டுத்தாவணி வரும் இரவு பஸ்தான் வழி. ஆனால் கச்சேரி முடியும் நேரத்தையும் பஸ் புறப்படும் நேரத்தையும் ஒட்டி வைத்துக்கொள்ளாதீர்கள். கடைசி மூன்று பாட்டைக் கடிகாரம் பார்த்தபடி கேட்பது கொடுமை.

சென்னைக்குக் காலையில் வைகையில் போகலாம். திரும்புவதுதான் சிக்கல். பத்து மணிக்குக் கச்சேரி முடிந்தால் பாண்டியன் போயிருக்கும். தென்மாவட்ட பஸ்கள் இப்போது கிளாம்பாக்கத்திலிருந்துதான் கிளம்புகின்றன, நகரத்துக்குள்ளிருந்து அங்கே போகவே ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். சொந்தக்காரர் வீட்டில் தங்கிவிட்டுக் காலையில் கிளம்புவது நல்லது.

இன்னொன்று: பெங்களூரில் இப்படிப்பட்ட பல இடங்கள் மதுவும் பரிமாறுகிறவை. இருபத்தொரு வயதுக்குக் கீழே உள்ளவர்களை உள்ளே விடாத இடங்கள் உண்டு. பையனையோ பெண்ணையோ கூட்டிப்போகிறவர்கள் டிக்கெட் எடுக்கும் முன்பே போன் செய்து கேட்டுவிடுங்கள். வாசலில் நின்று வாதாடிப் பயனில்லை.

எந்த இடத்தில் உட்காருவது நல்லது? காது வலிக்குமா?

முன்வரிசை ஆசை எல்லோருக்கும் உண்டு. ஆனால் கிதார் ஆம்ப்பின் ஸ்பீக்கர் டார்ச் வெளிச்சம் மாதிரி நேராக வீசும். அதற்கு நேர் எதிரே உட்கார்ந்தால் கூர்மையான ஒலி மட்டும் காதைக் குத்தும், குரல் தெளிவாகக் கேட்காது. கொஞ்சம் பக்கவாட்டில், மூன்றாவது நான்காவது வரிசையில், அவருடைய இடது கை தெரிகிற பக்கமாக உட்காருங்கள். வலது கைக்காரர் என்றால் உங்கள் பார்வைக்கு அது மேடையின் வலப்பக்கம். ஒலி சமநிலையாகக் கிடைக்க வேண்டுமென்றால் மிக்ஸர் வைத்திருக்கிற இடத்துக்கு முன்னால். அந்த ஆள் எதைக் கேட்டுச் சரிசெய்கிறாரோ அதையே நீங்களும் கேட்பீர்கள்.

காதைப் பற்றிச் சொல்லாமல் விட மாட்டேன். 85 டெசிபல் சத்தத்தை ஒரு நாளில் எட்டு மணி நேரம் வரை தாங்கலாம் என்பது அமெரிக்கத் தொழில்நல ஆய்வு நிறுவனம் (NIOSH) பரிந்துரைக்கும் வரம்பு. ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும். 100 டெசிபல் என்றால் பதினைந்தே நிமிடம். சின்ன அறையில் டிரம்ஸ் மட்டுமே அந்த அளவைத் தொட்டுவிடும். ‘தி ஹூ’ ராக் குழுவின் பீட் டவுன்ஷெண்டும் கிதார் கலைஞர் எரிக் கிளாப்டனும் காதில் ஓயாத இரைச்சலோடு வாழ்வதை வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார்கள். மருந்துக் கடையில் கிடைக்கும் பஞ்சு போன்ற காதடைப்பான் ஒரு ஜோடி சட்டைப்பையில் இருக்கட்டும். அது மேல்ஸ்தாயி ஒலிகளை அதிகமாக மறைத்துவிடும். இசைக்காரர்களுக்கென்று செய்த காதடைப்பான் எல்லா ஒலியையும் ஏறக்குறைய சமமாகக் குறைக்கும், பாட்டின் நிறம் கெடாது. அடிக்கடி போகிறவர்கள் அதையே வாங்கிவிடுங்கள். குழந்தைகளுக்குக் காதை மூடும் மஃப் கட்டாயம்.

பிடித்த பாட்டைக் கேட்டுச் சீட்டு அனுப்பலாமா?

சபாவில் துக்கடா சீட்டு அனுப்புவோம், மெல்லிசைக் கச்சேரியில் ‘ஒன்ஸ் மோர்’ கேட்போம். நமக்கு அது மரியாதைக் குறைவு இல்லை, பாராட்டு. இங்கே கொஞ்சம் பொறுங்கள். பெரும்பாலானவர்கள் எந்தப் பாட்டுக்குப் பின் எந்தப் பாட்டு என்று முன்பே எழுதிக் காலடியில் ஒட்டி வைத்திருப்பார்கள். குரல் சூடேறும் வரிசையையும், கிதார் மாற்றும் இடத்தையும், மூச்சு வாங்கும் இடத்தையும் கணக்கிட்டுச் செய்த பட்டியல் அது. வயதானவர்களுக்கு இந்தக் கணக்கு இன்னும் முக்கியம். நீங்கள் கேட்கும் பாட்டை அவர் கடைசிக்கு வைத்திருக்கலாம். அல்லது இப்போது பாடவே முடியாததாக இருக்கலாம். அப்படியானால் எல்லோர் முன்னாலும் அவரைச் சங்கடப்படுத்துகிறீர்கள். “என்ன பாடட்டும்?” என்று அவரே கேட்டால் தாராளமாகச் சொல்லுங்கள்.

பாட்டுகளுக்கு நடுவே சுருதி சேர்ப்பார். ஏசிக் குளிரும் மேடை விளக்கின் சூடும் மாறி மாறிப் பட்டால் தந்தி இறங்கும், ஏறும். அந்த ஒரு நிமிடத்தில் பேச ஆரம்பித்துவிடாதீர்கள். பல நேரம் அவர் பழைய கதை சொல்வது அப்போதுதான்.

வீடியோ எடுக்கலாமா?

ஒரு போட்டோ எடுத்துவிட்டுப் பையில் வையுங்கள். டிலன் சமீபத்திய கச்சேரிகளில் போனைப் பூட்டுப் பையில் போடவைத்துத்தான் ஆட்களை உள்ளே விடுகிறார். சின்ன அறையில் உங்கள் திரையின் வெளிச்சம் பின்னால் இருக்கும் பத்துப் பேருக்கும் மேடையில் இருப்பவருக்கும் தெரியும். தவிர, இந்தச் சத்தத்தில் போன் மைக் திணறிவிடும். வீட்டுக்கு வந்து போட்டுப் பார்த்தால் வெறும் கரகரப்பு.

அம்மாவுக்கு இங்கிலீஷ் தெரியாது. அழைத்துப்போகலாமா?

அவசியம் அழைத்துப்போங்கள். இரவெல்லாம் வள்ளித் திருமணம் பார்த்தவர்கள் நம் அம்மாக்கள். ஆர்மோனியக்காரரின் கண்சாடையில் மிருதங்கம் நிற்பதையும், ராஜபார்ட் வயதானவர் என்றாலும் ஒரு விருத்தத்தில் கூட்டத்தைக் கட்டிப்போடுவதையும் அவர்களுக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. சொல் புரியாவிட்டாலும் பாடுகிறவர் மனசார பாடுகிறாரா, ஒப்புக்குப் பாடுகிறாரா என்பதை நம்மைவிடச் சீக்கிரம் கண்டுபிடித்துவிடுவார்கள்.

போகும் வழியில் இரண்டு மூன்று பாட்டுகளின் கதையைத் தமிழில் சொல்லிவிடுங்கள், போதும். நாற்காலி உண்டா என்று முன்னதாகக் கேளுங்கள். சில இடங்களில் நின்றுதான் கேட்க வேண்டும், இரண்டு மணி நேரம் நிற்க முழங்கால் ஒத்துக்கொள்ளாது. கழிப்பறை எந்த மாடியில் என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

முடிந்த பிறகு பேசலாமா? காலில் விழலாமா?

சின்ன அரங்கின் பெரிய வரம் இது. பெரும்பாலும் அவரே வெளியே வந்து, சிடியோ டி-ஷர்ட்டோ வைத்திருக்கும் மேசை அருகில் நிற்பார். அதில் ஒன்றை வாங்குங்கள். பாட்டை இணையத்தில் கேட்பதால் அவருக்குக் கிடைப்பது சொற்பம். மேசையில் கொடுக்கும் காசு பெரும்பாலும் நேராக அவர் கைக்குப் போகிறது.

காலில் விழுவது அன்பினால்தான் என்று எனக்குத் தெரியும். வடகிழக்கிலிருந்தோ வெளிநாட்டிலிருந்தோ வந்தவர் அதில் கூச்சப்பட்டுப் பின்வாங்கலாம். கைகூப்பி வணக்கம் சொன்னால் யாருக்கும் புரியும். அவர் கை நீட்டினால் மெதுவாகப் பிடியுங்கள். இதை அழுத்திச் சொல்கிறேன். ஐம்பது வருடம் தந்தியை அழுத்திய விரல்களில் மூட்டுவலி இருக்கலாம், ஆர்வத்தில் இறுக்கி நசுக்கிவிடாதீர்கள்.

என்ன பேசுவது என்று திகைப்பவர்களுக்கு: “உங்கள் ரசிகன்” என்று சொல்வதைவிட, அன்றைக்குக் கேட்டதில் ஒரு இடத்தைச் சொல்லுங்கள். மூன்றாவது பாட்டில் கிதாரை நிறுத்திவிட்டுக் குரலை மட்டும் விட்டீர்களே, அது. அப்படி ஒரு வரி சொன்னால் அவர் முகம் மாறுவதைப் பார்ப்பீர்கள். பின்னால் வரிசை நிற்கிறது, இரண்டு நிமிடத்தில் நகர்ந்துவிடுங்கள்.

இதை மதுரையிலேயே நடத்த முடியாதா?

முடியும், நடத்த வேண்டும் என்பது என் ஆசை. முதலில் செலவைப் பாருங்கள். நூறு பேர், ஆளுக்கு 800 ரூபாய் என்றால் 80,000. ஐந்து பேர் குழுவின் பயணம், தங்கல், சம்பளம், சவுண்டு எல்லாம் அதற்குள் அடங்காது. ஒருவரோ இருவரோ வந்து கிதாரும் குரலுமாக நடத்தும் கச்சேரியில் தொடங்குங்கள். பேசிய தொகையை அவர் மேடை ஏறும் முன் கொடுத்துவிடுங்கள். டிக்கெட் விற்கவில்லை என்று வயதான கலைஞரைக் கடைசியில் காத்திருக்கவைப்பது பாவம்.

ராஜா முத்தையா மன்றம் அளவுக்குப் பெரிய அரங்கு வேண்டாம். சின்ன மினி ஹால்கள் ஊர் முழுக்க உள்ளன. அவற்றில் பெரும்பாலானவை டைல்ஸ் தரை, வெறும் சுவர். கைதட்டினால் எதிரொலி கிண்ணென்று திரும்பும். தரையில் ஜமுக்காளம் விரியுங்கள், பந்தல்காரரிடம் கனத்த துணி வாங்கிப் பின்சுவரிலும் பக்கச்சுவரிலும் மடிப்பு மடிப்பாகத் தொங்கவிடுங்கள். ஆட்கள் நிறைந்ததும் இன்னும் அடங்கும்.

மைக் செட்டுக்காரரிடம் முதல் நாளே உட்கார்ந்து பேசுங்கள். நம் ஊர்க்காரர்கள் கெட்டிக்காரர்கள், ஆனால் திருவிழாவுக்கு வைத்துப் பழகியவர்கள். குரலுக்கு எக்கோ வைக்காவிட்டால் வேலை செய்யாத மாதிரி அவர்களுக்குத் தோன்றும். எக்கோ வேண்டாம், பாக்ஸ் இரண்டு போதும், கிதார் ஆம்ப் 15 அல்லது 20 வாட் வால்வு ஆம்ப் என்றால் தாராளம் என்று சொல்லுங்கள். கலைஞருக்கு எதிரே ஒரு மானிட்டர் (அவர் பாடுவது அவருக்கே கேட்க வைக்கும் ஸ்பீக்கர்) கட்டாயம் வேண்டும். காது மந்தமான மூத்தவர்களுக்குத் தங்கள் குரல் கேட்காவிட்டால் தொண்டையைக் கிழித்துக்கொள்வார்கள்.

எர்த்தை எலெக்ட்ரீஷியனை வைத்துச் சோதியுங்கள். கிதார் தந்தியைத் தொட்டபடி மைக்கில் உதடு படும். இரண்டில் ஒன்றின் எர்த் சரியில்லை என்றால் மின்சாரம் அவர் உடம்பு வழியாகப் பாயும். 1972-ல் ஸ்டோன் தி குரோஸ் குழுவின் கிதார் கலைஞர் லெஸ்லி ஹார்வி, வேல்ஸ் நாட்டு ஸ்வான்சீயில் எர்த் இல்லாத மைக்கைத் தொட்டு மேடையிலேயே இறந்தார். ஆம்ப்பும் மைக் செட்டும் ஒரே இணைப்பிலிருந்து, சோதித்த எர்த்தோடு இருக்கட்டும். ஜெனரேட்டருக்கு மாறும்போதும் அந்த எர்த் இருக்கிறதா என்று பாருங்கள்.

ஒலிபெருக்கிக்கு எழுத்துமூல அனுமதி வேண்டும். 2000-ம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி இரவு பத்து முதல் காலை ஆறு வரை திறந்த வெளியில் ஒலிபெருக்கி கூடாது. மூடிய அரங்குக்கு விலக்கு உண்டு என்றாலும், ஒன்பதரைக்கு முடித்துவிடுங்கள். அக்கம்பக்கத்தாரின் நல்லெண்ணம் இருந்தால்தான் அடுத்த முறை அதே ஹால் கிடைக்கும். பிறர் எழுதிய பாட்டுகளைப் பாடுவதாக இருந்தால் இந்தியன் பெர்ஃபார்மிங் ரைட் சொசைட்டியிடம் உரிமம் வாங்குங்கள். அது பாட்டு எழுதியவருக்குப் போகும் கூலி.

தேதி விஷயத்தில், சித்திரைத் திருவிழா வாரத்தை விட்டுவிடுங்கள். அறை கிடைக்காது, பாதி ரோடு அடைத்திருப்பார்கள், மைக் செட்டுக்காரரும் கிடைக்க மாட்டார். வெயிலும் ஆளைச் சாய்க்கும். டிசம்பர், ஜனவரி தோது. விருந்தாளிக்குக் கீழ்த்தள அறை, மேடையில் முதுகு சாயும் நாற்காலி, வெந்நீர், கச்சேரிக்கு முன் யாரும் தொந்தரவு செய்யாத இரண்டு மணி நேரம். கறிதோசையும் ஜிகர்தண்டாவும் மறுநாள் வாங்கிக்கொடுக்கலாம். பாடும் முன் காரமும் குளிர்ச்சியும் வேண்டாம்.

டிக்கெட் வாங்கிய பிறகு உடம்பு சரியில்லை என்று ரத்து செய்துவிட்டால்?

இந்த வயதில் அது நடக்கும். பணம் திரும்ப வருமா, தேதி மாறுமா என்பதை டிக்கெட் வாங்கும்போதே படித்து வையுங்கள். ரயில் டிக்கெட்டைப் பொறுத்தவரை, உறுதியான டிக்கெட்டை முன்கூட்டியே ரத்து செய்தால் பிடித்தம் குறைவு, புறப்படும் நேரம் நெருங்க நெருங்கக் கூடிக்கொண்டே போகும். அதனால் கச்சேரிக்கு மூன்று நாள் முன்னதாக அரங்குக்கு ஒருமுறை போன் செய்து உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். ஏற்கெனவே ஊர் போய்ச் சேர்ந்துவிட்டால், அதே ராத்திரி அந்த ஊரில் வேறு யார் வாசிக்கிறார்கள் என்று விசாரித்து அங்கே போய் உட்காருங்கள்.